அகேட் கல்லை வெட்டி உருட்டும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அகேட் கல்லை வெட்டி, சாணைத்தூளும் தண்ணீரும் சேர்த்துச் சுழலும் பீப்பாயில் வாரக்கணக்கில், கட்டம் கட்டமாக உருட்டித்தான் மெருகேற்றுகிறோம். கடைசிக் கட்டம் முடிந்து பீப்பாயைத் திறக்கும்போது கல்லில் பளபளப்பு இல்லையென்றால், பெரும்பாலானவர்கள் மெருகுத்தூளைத்தான் சந்தேகிக்கிறார்கள். வேறு கடையில் வேறு தூள் வாங்குகிறார்கள், இன்னொரு வாரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்தக் குறை பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முன்பே, கல்லை வெட்டிய நாளில் பிறந்துவிடுகிறது என்பது எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. அதனால் இங்கே வெட்டும் மேசையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கல்லில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் விரிசல் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

நான் கையாள்பவை தக்காணத்து அகேட்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் மீது பரவிய எரிமலைக் குழம்பு இறுகியபோது உள்ளே வாயுக் குமிழிகள் இருந்த இடமெல்லாம் பொந்தாக நின்றது. அந்தப் பொந்துகளில் சிலிக்கா கலந்த நீர் ஊறி, படலம் படலமாகப் படிந்து இறுகியதுதான் அகேட். கடினத்தன்மை, 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை. வெளியே அழுக்கான, மேடுபள்ளமான தோல். உள்ளே வரிவரியாக நிறம். நடுவில் சில நேரம் படிகம் முளைத்த பொக்கு. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால்தான் இந்தக் கல்லில் வேலை அவ்வளவு சுவையாகவும் அவ்வளவு பொறுமை கேட்பதாகவும் இருக்கிறது.

என்னிடம் இருப்பவை 6 அங்குல வைரப் பிளேடு பூட்டிய சிறிய வெட்டு மேசை, ஒன்றரைக் கிலோ பிடிக்கும் இரண்டு ரப்பர் பீப்பாய்களைச் சுழற்றும் உருட்டு இயந்திரம், 80, 220, 500 எண் சிலிக்கான் கார்பைடு சாணைத்தூள் (எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும்), மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு. கண்ணாடிக்கு மெருகேற்றுபவர்கள் வாங்கும் சீரியம் ஆக்சைடும் அகேட்டுக்கு நன்றாக வேலை செய்கிறது.

பிளேடு உறுமுகிறது, ஆனால் கல்லுக்குள் இறங்கவில்லை

அகேட்டை வெட்டுவது பிளேடின் இரும்பு அல்ல, அதன் விளிம்பில் பதிந்திருக்கும் வைரத் துகள்கள். அகேட் போன்ற கடினமான, நெருக்கமான கல்லைத் தொடர்ந்து வெட்டும்போது துகள்களின் முனை மழுங்கிவிடுகிறது. அவற்றைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்து புதிய துகள்களை வெளியே விடாமல் அப்படியே வழுவழுப்பாகி நிற்கிறது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு விளிம்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தால் நல்லது. கண்ணாடி போல வழுக்கினால் பிளேடு அடைபட்டிருக்கிறது.

இதற்குப் புதிய பிளேடு வாங்க வேண்டியதில்லை. பழைய சாணைச் சக்கரத்தின் ஒரு துண்டையோ, பொரபொரப்பான செங்கல்லையோ தண்ணீரோடு இரண்டு மூன்று முறை வெட்டுங்கள். அது உலோகத்தை அரித்துப் புதிய வைரத்தை வெளிக்கொண்டுவரும். இறங்காத பிளேடைக் கை பலத்தால் அழுத்துவதுதான் மோசமான வழி. அழுத்தினால் பிளேடு சூடேறி வளையும், அடுத்து வரும் எல்லாக் கோளாறும் அங்கிருந்து கிளம்பும்.

வெட்டு கோணலாகப் போகிறது. பிளேடு கல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது

உருண்டையான கல்லைக் கையால் பிடித்துத் தள்ளினால் வெட்டு பாதியில் இருக்கும்போது கல் நூலிழை அளவு திரும்பும். அந்த நூலிழை போதும், பிளேடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். உடனே சுவிட்சை அணையுங்கள், கல்லை இழுக்காதீர்கள். பிளேடு நின்ற பிறகு, வந்த வழியிலேயே கல்லைப் பின்னால் தள்ளி எடுங்கள்.

அடுத்த முறை கல்லைப் பிடிப்பானில் கட்டி வெட்டுங்கள். பிடிப்பான் இல்லையென்றால், கல்லில் இயற்கையாகவே தட்டையாக இருக்கும் பக்கத்தைத் தேடி அதன் மேல் உட்காரவைத்து வெட்டுங்கள். தொடக்கத்தில் பிளேடு வெறுமனே உரசி ஒரு சிறு பள்ளம் போடட்டும். பள்ளம் விழுந்த பிறகுதான் தள்ள வேண்டும். பிளேடின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடிமனான கல்லைக் கொடுக்காதீர்கள். என் 6 அங்குலப் பிளேடுக்கு 2 அங்குலக் கல்தான் எல்லை. கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் கட்டட வேலைக்கான கிரைண்டரை வைத்து வெட்டுவதைச் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வெட்டும் இடத்தில் வெண்தூசி பறக்கிறது

உடனே நிறுத்துங்கள். இந்தக் கட்டுரையில் தள்ளிப்போடவே கூடாத அறிகுறி இது ஒன்றுதான்.

அகேட் முழுக்க சிலிக்கா. அதன் நுண்தூசி நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கித் தழும்பாகிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்குத் திரும்பும் வழி கிடையாது. குஜராத்தின் கம்பாத்தில் பல தலைமுறைகளாக அகேட் மணி செய்கிறார்கள். பரூச் மாவட்டத்து ரத்தன்பூர்ச் சுரங்கக் கற்கள் அங்கேதான் போய்ச் சேருகின்றன. உலகம் வியக்கும் கைத்திறன் அது. ஆனால் வீட்டு முற்றத்தில் மின்சாரச் சாணையில் உலர்ந்த கல்லைத் தீட்டியதால் அந்தத் தொழிலாளர்களில் பலருக்கு இந்த நோய் வந்தது. சாணையைத் தொடாமல் அதே வீட்டில் வசித்தவர்களுக்கும் வந்தது. பொழுதுபோக்காகச் செய்யும் நமக்கு இதை அலட்சியப்படுத்த எந்தக் காரணமும் இல்லை.

முதலில் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பிளேடின் கீழ்விளிம்பு எப்போதும் அரை சென்டிமீட்டராவது நீருக்குள் இருக்க வேண்டும். அகேட் வெட்டும்போது மட்டம் சட்டென்று குறையும். முகக்கவசம் அணிந்தாலும் தண்ணீர் கட்டாயம். கவசம் இரண்டாவது பாதுகாப்பு மட்டுமே. இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தெறித்த சேறு மேசையிலும் சட்டையிலும் காய்ந்தால் மறுபடி தூசியாகிவிடும். அதனால் ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருப்பதால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) பொருத்திய இணைப்பிலிருந்து மட்டும் மின்சாரம் எடுங்கள்.

வெட்டின முகத்தின் ஓரத்தில் முளை நிற்கிறது; விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறது

வெட்டு முடியும் தறுவாயில் கல் தன் எடை தாங்காமல் முறிந்து விழுகிறது. பிளேடு தொடாத அந்தக் கடைசி மில்லிமீட்டர்தான் முளையாக நிற்கிறது. முடிவுக்கு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போது தள்ளும் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள், அறுந்து விழும் பக்கத்தை ஒரு மரத்துண்டால் தாங்குங்கள். ஏற்கெனவே முளை இருந்தால் பிளேடின் விளிம்பில் மெல்ல உரசியோ, வைரத் தகட்டில் தண்ணீர் விட்டுத் தேய்த்தோ எடுத்துவிடுங்கள்.

கத்தி போன்ற விளிம்புகளையும் இப்போதே மழுக்கிவிடுவது என் வழக்கம். பீப்பாய் தானே மழுக்கும் என்று விட்டால், உடையும் ஒவ்வொரு சில்லும் மற்றக் கற்களைக் கீறும் கூரிய ஆணியாகிறது. ஒரு கல்லுக்கு ஒரு நிமிடம் போதும்.

பல வாரம் உருண்ட கல் இரண்டாக உடைந்து கிடக்கிறது

நாசிக் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல் என்னிடம் இருந்தது. கொய்யாப்பழ அளவு. வெட்டியபோது உள்ளே வெண்மையும் சாம்பலுமாக வரிகள், நடுவில் தேன் நிறத்தில் ஒரு கண். இரண்டு பாதிகளையும் 80 எண் தூளில் மூன்று வாரமும் 220-இல் ஒரு வாரமும் ஓட்டினேன். ஐந்தாவது வாரம், 500 எண் கட்டத்தைத் திறந்து பார்த்தபோது தேன்கண் இருந்த பாதி மூன்று துண்டாகக் கிடந்தது. அதன் கூரிய ஓரங்கள் பீப்பாயில் இருந்த மற்ற எல்லாக் கற்களையும் கீறியிருந்தன. ஒரே ஒரு விரிசலை நான் பார்க்காமல் விட்டதன் விலை ஐந்து வாரம்.

இப்போது ஒவ்வொரு கல்லையும் வெட்டும் முன்பும் வெட்டிய பிறகும் ஒரு சோதனைக்கு உட்படுத்துகிறேன். கல்லைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து எடுத்து, துணியால் ஒற்றி, வெயில் விழும் சன்னல் ஓரம் வைக்கிறேன். பிறகு அதன் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். மேற்பரப்பு ஓரங்களிலிருந்து வெளிறிக்கொண்டே உள்நோக்கி வரும். ஓரிரு நிமிடங்களில் கல் முழுவதும் காய்ந்து மங்கிவிடும், ஆனால் விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கருங்கோடு ஈரமாகவே நிற்கும். உள்ளே இறங்கிய நீர் மெல்ல வெளிவருவதால் அந்தக் கோடு கடைசியாகத்தான் மறையும். காய்ந்துகொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடம் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டும். காபி போடப் போனால் கோடு போய்விடும்.

கோட்டைக் கண்டதும் என்ன செய்வது? கல்லைத் தூக்கி எறியாதீர்கள். விரிசலின் மேலேயே பிளேடை விடுங்கள். எப்படியும் உடையப்போகிற இடத்தில் நீங்களே பிரித்துவிட்டால், கிடைக்கும் இரண்டு துண்டுகளும் உறுதியான துண்டுகள். வரியின் அழகை நடுவில் வைத்து வெட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டுதான். ஆனால் எங்கே வெட்டுவது என்பதை விரிசல் முதலில் சொல்லட்டும், வரி அடுத்து வரட்டும்.

வரிகளோடு சேர்ந்து வளைந்து போகும் கோடு நிறமாற்றமாக இருக்கலாம். அது கல் காய்ந்ததும் மற்றப் பகுதியோடு ஒன்றிவிடும். வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் கோடு ஏறக்குறைய எப்போதும் விரிசல். சந்தேகமாக இருந்தால் கல்லை இரண்டு விரலில் தளர்வாகப் பிடித்து இன்னொரு கல்லால் லேசாகத் தட்டுங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்ட கல் உடைந்த மண்பானை போல மொத்தென்று ஒலிக்கும்.

இப்படிப் பொறுக்கித் தள்ளுவது நமக்கு மட்டும் வந்த வேலை அல்ல. கம்பாத் கைவினைஞர்கள் கல்லை முதலில் வெயிலில் நாள்கணக்காகக் காயவைக்கிறார்கள், பிறகு மண்சட்டியில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். சூட்டில் இரும்புச்சத்து நிறம் மாறிக் கல் சிவக்கிறது, சீவுவதற்கும் எளிதாகிறது. அதற்குப் பிறகே தரையில் நட்ட இரும்பு முனையில் கல்லைச் சாய்த்து, எருமைக்கொம்புச் சுத்தியலால் தட்டிச் சீவுகிறார்கள். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் முழுமையான சூதுபவள (அகேட்டுக்கு உறவான சிவப்புக் கல்) மணிகளோடு முடிக்கப்படாத மணிகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், பாதி வேலையில் ஒரு கல் கைவிட்டுப் போன அந்த நொடி எனக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது.

ஒரு வாரம் ஓடியும் கல்லில் மாற்றமே இல்லை

பீப்பாயின் பக்கத்தில் நின்று கேளுங்கள். சரியான ஓட்டம் கூழாங்கரையில் அலை திரும்புவதுபோல ஒரே சீராகச் சலசலக்கும். சத்தமே இல்லையென்றால் பீப்பாய் அளவுக்கு மீறி நிரம்பியிருக்கிறது, கற்கள் புரள இடமில்லை. தடதடவென்று விழுந்தால் பாதிக்கும் குறைவாக இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை கல் இருக்க வேண்டும், தண்ணீர் மேல்வரிசைக் கற்களுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். தூள் கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டி.

ஓசை சரியாக இருந்தும் தேயவில்லையென்றால் குழம்பைப் பாருங்கள். ஒரு வாரத்தில் அது கரைத்த தோசை மாவு போலச் சாம்பல் நிறத்தில் திரண்டிருக்க வேண்டும். தண்ணீராகவே இருந்தால் தூள் கல்லில் ஒட்டாமல் அடியில் தங்கிவிடுகிறது. அடுத்த முறை நீரைக் குறையுங்கள். விரலிடையில் தேய்த்துப் பார்த்து நரநரப்பு இல்லையென்றால் தூள் செத்துவிட்டது. கழுவிவிட்டுப் புதிய தூள் போட வேண்டும். அகேட்டுக்கு முதல் கட்டம் ஒரே வாரத்தில் முடிவது அரிது. மூன்று நான்கு முறை புதுத் தூளோடு ஓட்டுவது இயல்புதான், அதைக் கோளாறாக எண்ணாதீர்கள். கல்லின் கால்வாசி வரை இந்தக் கட்டத்தில் கரைந்துபோகும்.

உருண்ட பக்கம் வழுவழுப்பாகிறது; வெட்டின முகத்தில் மட்டும் பிளேடுக் கோடுகள் அப்படியே நிற்கின்றன

வெட்டிய கற்களை உருட்டுபவர்களுக்கே உரிய தொல்லை இது. இரண்டு தட்டை முகங்கள் ஈரத்தில் சந்தித்தால் நனைந்த கண்ணாடித் துண்டுகள் போல ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியே உருளும்போது இடையில் தூள் நுழைவதில்லை. பீப்பாயைத் திறந்ததும் கற்கள் ஜோடி ஜோடியாக வந்தால் காரணம் இதுதான்.

தட்டையான துண்டுகள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி இடத்தை உருண்டையான சிறு கற்களும், மொச்சை அளவிலிருந்து மிளகு அளவு வரை கலந்த பீங்கான் துண்டுகளும் நிரப்பட்டும். சிறியவைதான் தட்டை முகங்களுக்கு நடுவே புகுந்து தூளைச் சுமந்து செல்கின்றன. பிளேடுக் கோடு நகத்தில் தட்டுப்படும் அளவு ஆழமாக இருந்தால் பீப்பாயை நம்பிக் காலத்தைக் கழிக்காதீர்கள். ஒரு கண்ணாடிப் பலகையில் 80 எண் தூளும் தண்ணீரும் இட்டு, கல்லை எட்டுப் போடுவதுபோலத் தேயுங்கள். பத்து நிமிடத்தில் கோடு மறையும். ஒரு வார உருட்டலை இந்தப் பத்து நிமிடம் மிச்சப்படுத்துகிறது.

விளிம்புகளில் வெள்ளைப் பிறைகள் தெரிகின்றன

நகக்கண் போன்ற அந்தச் சின்னப் பிறைகள் மோதல் தழும்புகள். கல் உயரத்திலிருந்து இன்னொரு கல்லின் மேல் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கல் தேய்ந்து அளவு குறைவதால், முதல் வாரம் சரியாக நிரம்பியிருந்த பீப்பாய் மூன்றாம் வாரம் காலியாகத் தெரியும். குறைந்த இடத்தைப் பீங்கான் துண்டுகளாலோ, கடைசி இரு கட்டங்களில் பிளாஸ்டிக் குருணையாலோ நிரப்புங்கள். பெரிய கல் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 500 எண் கட்டத்தில் பிறைகள் தெரிந்தால் அங்கேயே ஓட்டிச் சரிசெய்ய முடியாது. 80-க்குத் திரும்ப வேண்டும்.

மெருகு ஏறியிருக்கிறது, ஆனால் நடுவில் தனித்தனிக் கீறல்கள்

முந்தைய கட்டத்துத் தூள் எங்கோ ஒளிந்திருந்து வந்துவிட்டது. அகேட்டில் அது ஒளிய வசதியான இடம் நடுவில் இருக்கும் பொக்கு. படிகம் முளைத்த குழிவையோ, தோலின் சிறு துளைகளையோ வைத்துக்கொண்டு கல்லை மெருகுக்கு அனுப்பினால், ஒரே ஒரு 80 எண் துகள் மொத்தப் பீப்பாயையும் கெடுக்கும். வெட்டும்போதே பொக்கை விலக்கி வெட்டுங்கள். பொக்கின் அழகுக்காகவே வைத்துக்கொள்ள விரும்பும் கல்லை உருட்டாதீர்கள், அதைப் பலகையில் தேய்த்து மெருகேற்றலாம்.

கட்டம் மாறும்போது கற்களையும் பீங்கான் துண்டுகளையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மூடியின் உள்வளையத்தையும் மறக்காதீர்கள். மெருகுக்கு முடிந்தால் தனிப் பீப்பாய் வையுங்கள். கழுவிய சேற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். குழாய்க்குள் சிமெண்டு போல இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் மண்டியை ஈரமாகவே பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

சில சிறிய தொல்லைகள்

மூடி புடைத்தால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. நாள்தோறும் ஒரு முறை திறந்து மூடுங்கள், ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். தண்ணீர் கசிந்தால் விளிம்பில் ஒட்டிய தூளைத் துடைத்துவிட்டு மூடினாலே பெரும்பாலும் நிற்கும்.

வெட்டின முகத்தில் கருத்த திட்டு தெரிந்தால், எண்ணெய் ஊற்றி வெட்டியிருக்கிறார்கள். அகேட்டின் சில வரிகளில் நுண்துளைகள் உண்டு, எண்ணெய் அங்கே இறங்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். நிறம் ஏற்றுவதும் இதே நுண்துளைகள் வழியாகத்தான். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரம் 19-ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கலையில் பேர்பெற்றது. கடையில் வாங்கிய அகேட் பளிச்சென்ற நீலமாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால், அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தக் கல்லைத் தனியாக ஓட்டுங்கள்.

நனைந்திருக்கும்போது மின்னுகிறது, காய்ந்தால் மங்குகிறது

ஈரத்தில் எந்தக் கல்லும் மின்னும். கட்டம் முடிந்ததா என்பதைக் காய்ந்த கல்லை வைத்தே முடிவு செய்யுங்கள். மெருகு முடிந்த கல்லில் சன்னல் சட்டத்தின் பிம்பம் கோடு கலையாமல் தெரிய வேண்டும்.

மங்கல் வெறும் படலமாக இருக்கலாம். கல்லை உலர்ந்த பருத்தித் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த இடம் ஒளிர்ந்தால் மெருகுத்தூளின் மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று பொருள். குளியல் சோப்பு ஒரு கரண்டி அளவு சீவி, புதுத் தண்ணீரோடு ஆறேழு மணி நேரம் ஓட்டினால் நீங்கிவிடும். தேய்த்தும் ஒளிராவிட்டால், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வெட்டின முகத்தைப் பாருங்கள். புள்ளிப்புள்ளியாக உறைபனி போலத் தெரிந்தால் 500 எண் கட்டம் போதவில்லை, அதை மறுபடி ஒரு வாரம் ஓட்டுங்கள். இணைகோடுகளாகத் தெரிந்தால் அவை பிளேடு விட்டுச்சென்றவை. மெருகுத்தூளை மூடி வைத்துவிட்டு, கண்ணாடிப் பலகையையும் 80 எண் தூளையும் எடுங்கள்.